மூன்றரை வயதுக் கருப்பு நாய்க்கு இளநரை: சத்துக் குறைவா, வயதை மறைத்துக் கொடுத்துவிட்டார்களா?

மொட்டைமாடி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ஜாமூன் கருப்பு லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தது, பெண் நாய். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களை எடுத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடமிருந்து கொண்டுவந்தோம். அப்போது ஒன்றரை வயது இருக்கும் என்றார், அந்தக் கணக்கில் இப்போது மூன்றரை. வந்தபோது உடம்பெல்லாம் கருப்பு, நெஞ்சில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. இப்போது மோவாய் முழுக்க நரைத்துவிட்டது, மீசை முளைக்கிற இடத்திலும் கீழுதட்டு ஓரத்திலும் வெள்ளை ஏறிக்கொண்டே போகிறது. அது போதாதென்று முதுகும் பின்தொடையும் வெயிலில் பார்த்தால் கருப்பாகவே இல்லை, செம்பட்டையாகத் தெரிகிறது. வாக்கிங் போகும்போது எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "வயசான நாயாம்மா?" என்று கேட்கிறார்கள், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அம்மா கறிவேப்பிலையை அரைத்துச் சாதத்தில் கலந்து வைக்கிறார். பெட் ஷாப்பில் பயோட்டின் சிரப் கொடுத்தார்கள், அதுவும் ஒரு பாட்டில் தீர்ந்தது, ஒரு மாற்றமும் இல்லை.

சாப்பாடு காலையில் தயிர் சாதம், ராத்திரி சாதம், பருப்பு, கேரட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழிக் கழுத்து வேகவைத்துப் போடுவோம். பகலெல்லாம் மாடியில்தான் கிடக்கும். நல்ல சுறுசுறுப்பு, சொறி சிரங்கு எதுவும் இல்லை. ஆனால் பயந்த சுபாவம். இடி, வெடி எல்லாம் விடுங்கள், குக்கர் விசில் அடித்தாலே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் போய்ச் சொருகிக்கொள்ளும், அப்புறம் பிஸ்கட் காட்டினாலும் வராது.

இது சத்துக் குறைவா, நோயா, இல்லை உண்மையிலேயே ஏழெட்டு வயது நாயைத் தலையில் கட்டிவிட்டார்களா?


கோம்பைக்காரன்:

தங்கச்சி, முகத்து நரையை வைத்து வயது சொல்கிற ஆளை நம்பாதே. நான் கோம்பை நாய் வளர்க்கிறவன். செவலை உடம்பு, மூஞ்சி மட்டும் கருப்பு, அதனால் ஒரு வெள்ளை முடி வந்தாலும் உடனே கண்ணில் படும். ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்று ஐந்து வயதில் நரைக்கும், இன்னொன்று பத்து வயதிலும் கரி பூசின மூஞ்சியோடு திரியும். பொதுவாக ஐந்து வயதுக்கு மேல் தொடங்கி ஏழெட்டில் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான் கணக்கு. கருப்பு லேப்ரடார் ரத்தம் இருந்தால் மோவாயில் சீக்கிரமே வெள்ளை வருவதும் நிறையப் பார்க்கிறோம்.

வயது தெரிய வேண்டுமென்றால் வாயைத் திறந்து பார். ஏழு மாதத்துக்குள் பால் பல் விழுந்து எல்லாப் பல்லும் முளைத்துவிடும், அதுவரைக்கும் பல்லை வைத்து ஓரளவு சரியாகச் சொல்லலாம். அதற்கு மேல் காரை படிந்திருப்பதையும் முன்பல் நுனி தேய்ந்திருப்பதையும் பார்த்து உத்தேசமாகத்தான் சொல்ல முடியும், கல்லையும் கட்டையையும் கடிக்கிற நாய்க்கு இரண்டு வயதிலேயே பல் தேய்ந்திருக்கும். அப்புறம் கண். ஏழு வயதுக்கு மேல் பாப்பாவுக்குள் நீலம் கலந்த சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். அது புரையில்லை, லென்ஸ் வயதுக்கு இறுகுவது, பார்வை பெரிதாகக் கெடாது. உன் நாய்க்குக் கண் தெளிவாகக் கருகருவென்று இருந்து பல்லும் வெள்ளையாக இருந்தால் மூன்றரை என்பது சரியாகத்தான் இருக்கும், கொடுத்தவரைச் சந்தேகப்படாதே.

சிரப்பை நிறுத்து. கறிவேப்பிலை நாயை ஒன்றும் செய்யாது, நரையையும் ஒன்றும் செய்யாது.


நாய்க்குடை:

கால்நடை மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறேன், நேரில் பார்க்காமல் நோய் இது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்தப் பதிவில் இரண்டு தனித்தனி விஷயம் கலந்து கிடக்கிறது. மோவாய் நரை ஒன்று, முதுகுச் செம்பட்டை இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் நிறம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். நாய் முடியில் இருப்பது இரண்டே நிறமிகள். யூமெலனின் கருப்பும் காப்பி நிறமும் தரும், ஃபியோமெலனின் செவலை, மஞ்சள், வெளிர் மஞ்சள் தரும். முடி வேர்க்காலில் உட்கார்ந்திருக்கும் மெலனோசைட் செல்கள் இந்த நிறமியைச் செய்து, முடி வளர்ந்து வெளியே வரும்போதே அதில் ஏற்றிவிடுகின்றன. வெளியே வந்த முடி உயிரில்லாதது. அதனால் ஏற்கெனவே முளைத்து நிற்கிற கருப்பு முடி உள்ளிருந்து நரைப்பதில்லை. அது உதிர்ந்து, அதே வேர்க்காலிலிருந்து அடுத்த முடி நிறமி இல்லாமல் முளைக்கும்போதுதான் நரை. ஒவ்வொரு சுற்றிலும் புது மெலனோசைட்டுகளைத் தருவதற்கு வேர்க்காலில் மூலச்செல்களின் ஒரு சேமிப்பு இருக்கிறது. வயதாக ஆக அது கரைந்து தீர்கிறது. நமக்கு நடப்பதும் இதுதான். தீர்ந்துபோன சேமிப்பை சிரப் கொடுத்து நிரப்ப முடியாது.

இப்போது அந்தக் குக்கர் விசிலுக்கு வருகிறேன், எனக்கு இந்தப் பதிவில் முக்கியமாகப் பட்டது அதுதான். அமெரிக்காவில் கொலராடோ பக்கம் 1 முதல் 4 வயது வரையிலான 400 நாய்களைப் படமெடுத்து, மூஞ்சி எவ்வளவு நரைத்திருக்கிறது என்று மதிப்பெண் போட்டு, உரிமையாளர்களிடம் நாயின் நடத்தை பற்றிக் கேள்விகள் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். கமீல் கிங், டெம்பிள் கிராண்டின் முதலானோர் செய்தது, 2016-ல் வெளிவந்தது. வெள்ளையும் வெளிர் நிறமுமான நாய்களை விட்டுவிட்டார்கள், அவற்றில் நரை தெரியாதே. பதற்றமும் அவசரக் குணமும் உள்ள நாய்கள் இளமையிலேயே அதிகம் நரைத்திருந்தன. பெரிய சத்தத்துக்கும், தெரியாத ஆட்களுக்கும், தெரியாத விலங்குகளுக்கும் பயப்படுகிற நாய்களிலும் அப்படியே. பெண் நாய்களுக்கு ஆண் நாய்களைவிடக் கூடுதல் நரை. உடம்பின் அளவுக்கும், கருத்தடை செய்ததா இல்லையா என்பதற்கும், வேறு நோய் இருப்பதற்கும் தொடர்பு தென்படவில்லை.

இதைப் படித்துவிட்டு "பயத்தால்தான் நரைத்தது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சேர்ந்து காணப்படுகிறது என்பதுதான் அந்த ஆய்வு சொல்வது. ஆனால் 2020 ஜனவரியில் ஹார்வர்டிலிருந்து எலிகளில் செய்த ஆய்வு ஒன்று வந்தது. கடுமையான நெருக்கடியில் நரம்பு முனைகள் வேர்க்காலுக்குள் நோர்அட்ரினலின் என்ற நெருக்கடி நேரத்து வேதிப்பொருளைக் கொட்டுகின்றன, அதனால் நிறமி மூலச்செல்கள் ஒரே மூச்சில் எல்லாம் வேலைக்குக் கிளம்பிச் சேமிப்பு காலியாகிவிடுகிறது என்று காட்டினார்கள். ஆக, வழி இருக்கிறது என்பது வரை தெரியும்.

ஜாமூன் பெண் நாய், கருப்பு, பயந்த சுபாவம், மூன்றரை வயது. நான் நரையைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன், பயத்தைப் பற்றித்தான் கவலைப்படுவேன். நரையால் நாய்க்கு ஒரு துன்பமும் இல்லை, அந்தச் சந்தில் சொருகிக்கொண்டு நடுங்குவது நிஜமான துன்பம். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். சத்தப் பயத்துக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, பழக்கும் முறையும் இருக்கிறது. வெடி ஆரம்பித்த பிறகு போன் செய்தால் யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

செம்பட்டையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, தொடையில் முடியை இரண்டு விரலால் எதிர்த்திசையில் பிரித்து, தோலை ஒட்டிய வேர்ப்பகுதி என்ன நிறம், நுனி என்ன நிறம் என்று பாருங்கள். வெயில் படாத இடத்திலும், அதாவது வயிற்றுக்கும் முன்காலுக்கும் நடுவிலும், பாருங்கள்.


மாமல்லன்77:

என் பக்கத்து வீட்டில் நாய்க்கு ஹேர் டை அடித்தார்கள், சூப்பராக இருக்கிறது. ட்ரை பண்ணுங்கள்.


நாய்க்குடை:

தயவுசெய்து வேண்டாம். மனிதர்களுக்கான கருப்பு டையில் இருக்கும் பிபிடி என்கிற பொருளை நாய் நக்கி விழுங்கினால் தசையும் சிறுநீரகமும் கெடும். அதுவும் மோவாயில் அடித்தால் நக்காமல் எப்படி இருக்கும்?


மொட்டைமாடி:

டை எல்லாம் இல்லை, பயப்படாதீர்கள்.

அண்ணா சொன்ன மாதிரி கண்ணைப் பார்த்தேன், கண்ணாடியாக இருக்கிறது. கடைவாய்ப் பல்லில் மட்டும் லேசாக மஞ்சள், மற்றதெல்லாம் வெள்ளை. சந்தேகப்பட்டதற்கு நாயைக் கொடுத்தவருக்கு மனசுக்குள் ஒரு மன்னிப்பு.

முடியைப் பிரித்துப் பார்த்தேன். முதுகில் வேரிலிருந்து முக்கால்வாசி கருப்பு, நுனி மட்டும் துருப்பிடித்த நிறம். ஆனால் பின்தொடையிலும் காதுக்குப் பின்னாலும் வேரிலிருந்தே பழுப்பு. வயிற்றுப் பக்கம் கருப்புதான், ஆனால் பளபளப்பு இல்லை.


நாய்க்குடை:

நல்ல கவனிப்பு. நுனி மட்டும் சிவந்தது வெயில் வேலை. யூமெலனின் சூரிய ஒளியில் சிதையும், ஈரமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. அடுத்த முடி உதிர்வில் அது போய்விடும், பகலில் நிழல் கிடைத்தால் திரும்ப வராது.

வேரிலிருந்தே பழுப்பு என்றால் நிறமி செய்யும்போதே பற்றாக்குறை. மெலனின், அதாவது முடி நிறமி, செய்ய மூலப்பொருள் டைரோசின் என்ற அமினோ அமிலம், உடம்பு அதை ஃபீனைல்அலனினிலிருந்தும் செய்துகொள்ளும். இரண்டும் புரதத்தில்தான் வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், உடம்பு வளர்வதற்குத் தேவையானதைவிட முடி முழுக் கருப்பாவதற்குத் தேவையான அளவு அதிகம். அதனால் எடை சரியாக இருக்கும், ஓடியாடும், ஆனால் முடி மட்டும் சிவக்கும். கருப்புப் பூனைகளில் இது தெளிவாக நிரூபிக்கப்பட்டது. உணவில் டைரோசினைக் குறைத்தால் சிவந்தன, திரும்பச் சேர்த்தால் கருத்தன, 2001-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து ஆட்களின் வேலை. நாய்க்கும் இதே போலத்தான். டைரோசினை மெலனினாக மாற்றும் டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்யச் செம்புச் சத்தும் வேண்டும், அதற்காகச் செம்பு மாத்திரை வாங்கிவிடாதீர்கள், அதிகமானால் கல்லீரலில் சேரும்.

உங்கள் மெனுவில் சாதம்தான் வயிறு நிறைய, தயிரும் பருப்பும் பேருக்கு. தினமும் வேகவைத்த முட்டையும் எலும்பில்லாத கோழியோ மீனோ சேருங்கள், இல்லையென்றால் வளர்ந்த நாய்க்கான முழுமையான உணவு என்று போட்டிருக்கும் நல்ல உலர் தீனியைப் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள். ஏற்கெனவே சிவந்த முடி கருக்காது, புதிதாக முளைப்பதில்தான் தெரியும். மூன்று நான்கு மாதம் பொறுங்கள்.

தைராய்டு குறைந்தாலும் முடி மங்கி வறண்டுபோகும். ஆனால் அதில் பெரும்பாலும் எடை கூடும், சோர்ந்து படுத்தே கிடக்கும், வாலில் முடி கொட்டி எலி வால் மாதிரி ஆகும், இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி குறையும், அரிப்பு இருக்காது. உங்களுடையது சுறுசுறுப்பு என்கிறீர்கள், அதனால் இப்போதைக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். எப்போதாவது எடுக்க நேர்ந்தால் டி4 என்ற தைராய்டு ஹார்மோனை மட்டும் பார்த்து முடிவு செய்ய விடாதீர்கள், வேறு நோயிலும் அது குறையும், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.


கோமதி அக்கா:

இதையே சாக்காக வைத்து நானும் கேட்கிறேன். கருப்பு வெள்ளை ஷிட்சு குட்டி என்று நல்ல விலை கொடுத்து வாங்கினோம். ஒரு வயது ஆவதற்குள் கருப்பெல்லாம் வெளிறி வெள்ளி நிறம். இரண்டாவது முறை முடி வெட்டியபோது பாதிக் கருப்பு கத்தரியோடு போய்விட்டது. விற்ற பையனிடம் என் வீட்டுக்காரர் பெரிய சண்டையே போட்டுவிட்டார். அவன் சாயம் பூசிக் கொடுத்தானா?


கோம்பைக்காரன்:

அக்கா, அந்தப் பையன் பாவம். அது சாயமும் இல்லை, நரையும் இல்லை, ஜாதிக் குணம். சில ஜாதிகளில் குட்டியாக இருக்கும் நிறம் தற்காலிகம்தான். கெரி புளூ டெரியர் கருப்பாகப் பிறந்து ஒன்றரை இரண்டு வயதில் நீலச் சாம்பலாகும். யார்க்ஷயர் டெரியர் கருப்பும் செவலையுமாகப் பிறந்து முதுகு எஃகு நிறத்துக்கு வர இரண்டு மூன்று வயதுகூட ஆகும். சில்வர் பூடில் பிறக்கும்போது கருப்புதான், ஆறு வாரத்தில் மூஞ்சியையும் பாதத்தையும் ஒட்ட மழித்தால் அடியில் வெள்ளி தெரிந்துவிடும், விற்கிறவர்கள் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். இதற்கு ஒரு மரபணுப் பிரதி போதும், தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒன்று வந்தால் வெளிறும். உங்கள் ஷிட்சுவிலும் கருப்பு வெளிறுவது ரொம்ப சகஜம். நீள முடியாக இருப்பதால் நுனியில் பழைய நிறமும் அடியில் புது நிறமுமாக இருந்து, வெட்டினதும் திடீரென்று மாறினாற்போலத் தெரிகிறது.

ஜெர்மன் ஷெப்பர்ட் வாங்கினவர்களும் இப்படித்தான் வந்து நிற்பார்கள். குட்டியில் கிட்டத்தட்ட முழுக் கருப்பு, வளர வளரக் காலிலிருந்து செவலை மேலே ஏறிக் கடைசியில் முதுகில் சேணம் மட்டும் மிஞ்சும். டால்மேஷியன் நேர் எதிர், வெள்ளையாகப் பிறந்து இரண்டு வாரம் போலத்தான் புள்ளி தெரிய ஆரம்பிக்கும். கோல்டன் ரெட்ரீவர் குட்டியா, காது என்ன நிறமோ அதுதான் வளர்ந்த பிறகு உடம்பு நிறம், பெரும்பாலும் பொய்க்காது. குட்டியைப் பார்த்து நிறத்துக்குக் காசு கொடுப்பதைவிட, தாய் தகப்பனைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.


கோமதி அக்கா:

வீட்டுக்காரரை இந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன் தம்பி.


ராட்டு வீடு:

என் ராட்வைலருக்கு இரண்டு வயது. மூக்கில் ரோஸ் திட்டு வந்திருக்கிறது, உதட்டு ஓரத்திலும், கண்ணைச் சுற்றி வெள்ளை முடி. இதுவும் இளநரைதானா?


நாய்க்குடை:

இல்லை, இது வேறு கதையாக இருக்கலாம், நேரில் காட்டுங்கள். நரையில் முடி மட்டும் வெளுக்கும், அடியில் இருக்கும் தோல் கருப்பாகவே இருக்கும். தோலும் சேர்ந்து வெளுத்தால், மூக்கு, உதடு, கண் இமை ஓரம் என்று திட்டுத் திட்டாக வந்தால், முதலில் நினைக்க வேண்டியது வெண்புள்ளி, விட்டிலிகோ. ராட்வைலர், பெல்ஜியன் டெர்வுரன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் ஜாதிகளில் அதிகம், பெரும்பாலும் மூன்று வயதுக்குள் ஆரம்பிக்கும். அதனால் வலியோ அரிப்போ இல்லை, தொற்றாது, பார்க்கத்தான் வேறு மாதிரி இருக்கும்.

ஆனால் மூக்கைத் தொட்டுப் பாருங்கள். நல்ல மூக்கில் சொரசொரவென்று கட்டம் கட்டமாக ஒரு அமைப்பு இருக்கும். வெண்புள்ளியில் நிறம் போனாலும் அந்தக் கட்டங்கள் அப்படியே இருக்கும். கட்டம் அழிந்து வழவழப்பாகி, பொருக்கோ புண்ணோ ரத்தமோ இருந்தால் அது மூக்கைத் தாக்கும் லூபஸ் வகை நோயாக, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குகிற நோயாக இருக்கலாம், வெயில் பட்டால் கூடும், சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய முடியும்.

இன்னொன்று, இது உங்களுக்கில்லை, ஹஸ்கியும் அகிடாவும் வைத்திருப்பவர்களுக்கு: மூக்கும் முகமும் வெளுப்பதோடு கண் சிவந்து, கூசி, நீர் வடிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உடம்பு தன் நிறமி செல்களையே தாக்குகிற நோய் அது, கண்ணுக்குள்ளும் நிறமி இருப்பதால் பார்வை போய்விடும். ஹஸ்கிக்குக் குளிர்காலத்தில் மூக்கின் நடுவில் மட்டும் வெளிர் கோடு விழுந்து அப்புறம் கருத்துவிடுவது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.


ராட்டு வீடு:

கட்டம் அப்படியே இருக்கிறது, புண் இல்லை. சனிக்கிழமை காட்டுகிறேன். நன்றி.


கீழத்தெரு:

வெள்ளை நாய் வைத்திருப்பவன் என்ன செய்ய? எங்கள் பொமரேனியனுக்குக் கண்ணுக்குக் கீழேயும் பாதத்திலும் துரு நிறம். இரும்புத் தண்ணீர் என்று நினைத்து கேன் தண்ணீர் வைத்துப் பார்த்தேன்.


நாய்க்குடை:

கண்ணீரிலும் எச்சிலிலும் போர்ஃபிரின் என்ற பொருள் இருக்கிறது, அது படிந்து வெள்ளை முடியைச் சிவக்க வைக்கும். முடியின் நிறம் மாறவில்லை, கறை படிகிறது. பாதத்தில் கறை என்றால் பாதத்தை விடாமல் நக்குகிறது என்று அர்த்தம், அலர்ஜி இருக்கிறதா, விரல் இடுக்கில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் கேனை மாற்றிப் பிரயோஜனமில்லை.


மொட்டைமாடி:

இன்னும் ஒரே ஒரு கேள்வி, அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன். கருத்தடை ஆபரேஷனுக்கு வயிற்றில் மழித்த இடத்தில் முளைத்த முடி சுற்றியிருப்பதைவிடக் கருப்பாக வந்திருக்கிறது. தையல் போட்ட கோட்டில் மட்டும் வெள்ளை. இதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் உண்டா?


நாய்க்குடை:

இல்லை. மழித்த இடத்தில் முடி ஒரே நேரத்தில் புதிதாக முளைக்கிறது, வெயில் படாத புது முடி, அதனால் கருப்பாகத் தெரிகிறது. சில நாய்களுக்கு மழித்த இடம் நிறம் மாறி வந்து அடுத்த உதிர்வில் பழையபடி ஆகிவிடும். சயாமீஸ் பூனை வைத்திருப்பவர்கள் மழித்த இடம் கருத்துவிட்டது என்று பதறுவார்கள், அதில் நிறமி நொதி சூட்டில் வேலை செய்யாது, முடி போய்த் தோல் குளிர்ந்ததும் கருப்பு ஏறுகிறது, முடி வளர்ந்து மூடினதும் இறங்கிவிடும். தையல் கோட்டில் வந்த வெள்ளை அப்படியே இருக்கும். அங்கே வேர்க்காலில் இருந்த நிறமி செல்கள் காயத்தோடு போய்விட்டன.


மொட்டைமாடி:

சரி. இன்று முதல் முட்டை. தினமும் சமைக்க அம்மாவின் சைவச் சமையலறை சரிவராது என்பதால் மாடியில் தனி அடுப்பு வைக்கிறேன், மாடியில் ஒரு கீற்றுப் பந்தலும் போட்டுவிட்டால் நிழலுக்கு ஆயிற்று. சத்தப் பயத்துக்கு டாக்டரிடம் இந்த வாரமே நேரம் கேட்டிருக்கிறேன், என்ன மருந்து எழுதுகிறார் என்று இங்கேயே போடுகிறேன்.


கோம்பைக்காரன்:

மருந்து பேரையும் அளவையும் இங்கே போடாதே தங்கச்சி. எடையைப் பார்த்துத்தான் அளவு எழுதுவார்கள், யாராவது அதைப் பார்த்துத் தன் பொமரேனியனுக்குக் கொடுத்துத் தொலைப்பான். நாய் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்.